எண்சாண் உடம்பும் எட்டடிப் பெட்டியும்

வட சென்னையில் திருவொற்றியூரைத் தாண்டி மெட்ரோ ரயில் போய் முடிகிற பக்கத்துக்கு விம்கோ நகர் என்று பெயர். விம்கோ என்பது சாமி பெயரும் அல்ல, தலைவர் பெயரும் அல்ல. வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்பதன் சுருக்கம். தீப்பெட்டிக் கம்பெனி ஒன்று ஒரு பேட்டைக்கே பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. அந்தப் பக்கம் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டுத் திரும்புகிறவரைக் கேட்டால், "வீடா அது? தீப்பெட்டி மாதிரி இருக்கு" என்று சொல்லக்கூடும். இடப்பொருத்தம் தெரியாமலே சொல்கிற உவமை.

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் லாரிகள் துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்பதை மொட்டை மாடியிலிருந்து பாருங்கள். வண்ண வண்ணத் தீப்பெட்டிகளை யாரோ வரிசையாக அடுக்கியதுபோல் இருக்கும். கீழே இறங்கிப் போய் ஒரு பெட்டியின் பக்கத்தில் நின்றால், அண்ணாந்து பார்க்க வேண்டும். பெட்டி மாறவில்லை. அதன் நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள உறவும் மாறவில்லை. மாறியது, அதற்கும் உங்கள் உடம்புக்கும் உள்ள உறவு.

இந்த அத்தியாயத்துக்கு வேண்டிய இரண்டு சொற்களும் அந்த இரண்டு காட்சிகளில் இருக்கின்றன. ஒரு பொருளின் நீளம் அதன் அகலத்தைப் போல எத்தனை மடங்கு என்பது விகிதம். அந்தப் பொருள் உங்களைப் போல எத்தனை மடங்கு என்பது அளவு. வீட்டு உள்ளலங்காரம் பற்றிய பேச்சில் இரண்டையும் போட்டுக் குழப்பிவிட்டு, நடுவில் தங்க விகிதம் என்ற ஒரு மந்திரத்தையும் தூவிவிடுகிறார்கள். அந்த மந்திரத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் பெட்டிக்குள் நுழைந்துவிடலாம்.

20 அடிக் கன்டெய்னர் என்று சொல்கிறோமே, அதன் நீளம் 20 அடி அல்ல; 19 அடி பத்தரை அங்குலம். இரண்டு பெட்டிகளை ஒரு 40 அடி இடத்தில் வைத்தால் நடுவே 3 அங்குலம் இடைவெளி வேண்டும், கொக்கி மாட்டவும் தூக்கவும். அதற்காக ஆளுக்கு ஒன்றரை அங்குலம் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அகலம் 8 அடி, உயரம் எட்டரை அடி. உள்ளே அளந்தால் நீளம் 5.9 மீட்டர், அகலம் 2.35 மீட்டர், உயரம் 2.39 மீட்டர். கட்டட வேலை நடக்கும் இடங்களில் இதையே ஜன்னல் வெட்டி அலுவலகமாகவும் காவலாளி தங்கும் அறையாகவும் வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அறையாகுமா?

இந்தியாவின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, மனிதர் வசிக்கும் அறைக்குக் குறைந்தபட்சம் 9.5 சதுர மீட்டர் பரப்பும், 2.4 மீட்டர் அகலமும், 2.75 மீட்டர் உயரமும் கேட்கிறது. கன்டெய்னரின் உள்பரப்பு ஏறக்குறைய 13.9 சதுர மீட்டர். விதி கேட்பதைவிட நாலு சதுர மீட்டருக்கு மேல் அதிகம். ஆனாலும் அகலத்தில் 5 சென்டிமீட்டர் போதாமல் ஃபெயில். உயரத்தில் 36 சென்டிமீட்டர் போதாமல் படு ஃபெயில். சதுர அடிக் கணக்கு மட்டும் பார்த்து வீடு வாங்குகிறவர்கள் இந்த மதிப்பெண் பட்டியலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு சுவரோரம் 4 அடிக் கட்டில், எதிர்ச் சுவரோரம் 2 அடி அலமாரி, நடுவில் ஓர் ஆள் நடக்க 2 அடி. கூட்டினால் 8 அடி, அதாவது 2.4 மீட்டர். அதில் இரண்டு அங்குலம் குறைந்தாலும் அலமாரிக் கதவைத் திறக்கும்போது முழங்கால் கட்டிலில் இடிக்கும். நீளத்தில் எத்தனை அடி கூட்டினாலும் அந்த இடியை ஈடுகட்ட முடியாது.

*

உடம்பை வைத்து அளப்பது நமக்குப் புதிதல்ல. ராயபுரம் கல்மண்டபம் பக்கம் பூ விற்கும் அம்மா இன்றைக்கும் முழங்கையில்தான் அளந்து கொடுக்கிறார். "அக்கா, உன் கை குட்டைக் கை" என்று வாங்க வருகிறவள் பேரம் பேசுவாள். அவரும் அரை சாண் கூட்டிக் கிள்ளித் தருவார். கடல் தொழிலில் ஆழத்தைப் பாகத்தில் சொல்வார்கள். இரண்டு கையையும் விரித்தால் ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனி வரை ஒரு பாகம். இரண்டு சாண் ஒரு முழம். நாலு முழம் ஒரு பாகம். ஆக, எட்டு சாண் ஒரு பாகம்.

இங்கே ஒரு சின்னச் சோதனை. சுவரில் முதுகை ஒட்டி நின்று உயரத்தைக் குறியுங்கள். பிறகு கைகளை விரித்து விரல் நுனிகளைக் குறியுங்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். அப்படியானால் நம் உயரமும் எட்டு சாண். "எண்சாண் உடம்பு" என்பது பேச்சு அலங்காரம் அல்ல, அளந்து பார்த்துச் சொன்ன கணக்கு. அவரவர் சாணால் அவரவர் உடம்பு எட்டு. குட்டையானவருக்கும் எட்டு, நெட்டையானவருக்கும் எட்டு. விகிதம் ஒன்று, அளவு வேறு.

இந்தப் பிரிவினையைச் சிற்பிகள் கடைசி அங்குலம் வரை கொண்டுபோனார்கள். திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் வளாகத்தில் ஆதிபுரீசுவரர் கருவறை பின்பக்கம் வளைந்து, படுத்திருக்கும் யானையின் முதுகுபோல் இருக்கும். தூங்கானை மாடம் என்பார்கள். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் அதைக் கருங்கல்லில் எடுத்தவர் ரவி என்கிற வீரசோழத் தச்சன் என்று அங்குள்ள கல்வெட்டே பெயர் சொல்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கட்டடக் கலைஞர் ஒருவரின் பெயர் நமக்குக் கிடைப்பது அபூர்வம். அவர் போன்றவர்கள் கற்ற மரபில் அங்குலம் இரண்டு வகை. கட்டடத்துக்கு, எட்டு யவை (வாற்கோதுமை மணி) சேர்ந்தது ஓர் அங்குலம், 24 அங்குலம் ஒரு முழம் என்ற நிலையான அளவு. சிலைக்கோ, எடுத்துக்கொண்ட கல்லின் உயரத்தையே பங்கு போட்டுக் கிடைக்கும் அங்குலம். உத்தம தசதாளம் என்ற அளவுமுறையில் உயரத்தை 124 பங்காக்குவார்கள். சிலை கையகலமோ ஆளுயரமோ, முகத்துக்கு எத்தனை பங்கு, மார்புக்கு எத்தனை பங்கு என்பது மாறாது.

ஆனால் எல்லா உருவத்துக்கும் ஒரே விகிதம் இல்லை. பெருந்தெய்வங்களுக்குத் தசதாளம் என்றால் பிள்ளையாருக்குப் பஞ்சதாளம். சிவனின் விகிதத்தில் பிள்ளையாரைச் செதுக்கினால் யானைத்தலை வைத்த ஒல்லி இளைஞன் கிடைப்பான், பிள்ளையார் கிடைக்கமாட்டார். உலகத்துக்கெல்லாம் பொதுவான ஓர் அழகு எண் உண்டு என்ற எண்ணமே அந்தத் தச்சர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. கட்டட உயரத்துக்கும் அப்படித்தான். மானசாரம் என்ற சிற்பநூல் அகலத்துக்குச் சமம், ஒன்றேகால் மடங்கு, ஒன்றரை, ஒன்றேமுக்கால், இரட்டிப்பு என்று ஐந்து உயரங்களைத் தருகிறது. எந்தக் கட்டடம் என்பதைப் பொறுத்து எடுத்துக்கொள்ள வேண்டியது. 1.618 அந்தப் பட்டியலில் இல்லை.

*

இப்போது மந்திரத்துக்கு வருவோம்.

ஒரு கோட்டை இரண்டாக வெட்டுகிறீர்கள். முழுக்கோடு பெரிய துண்டைப் போல எத்தனை மடங்கோ, பெரிய துண்டும் சின்னத் துண்டைப் போல அத்தனை மடங்கு இருக்க வேண்டும். எங்கே வெட்டலாம்? ஒரே ஒரு விடைதான். மடங்கு 1.618-ஐ ஒட்டி வரும். புள்ளிக்குப் பிறகு முடிவில்லாமல் ஓடும். யூக்ளிட் கி.மு. 300 வாக்கில் இதை எழுதிவைத்தார், அழகைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல். அந்த விகிதத்தில் ஒரு செவ்வகம் வரைந்து அதிலிருந்து ஒரு சதுரத்தை வெட்டி எடுத்தால், மிஞ்சும் துண்டும் அதே விகிதச் செவ்வகமாக இருக்கும். அதிலும் சதுரம் வெட்டலாம், மறுபடியும் வெட்டலாம். கணக்காகப் பார்த்தால் மெய்யாகவே சொக்கவைக்கும் சமாச்சாரம்.

1, 1, 2, 3, 5, 8, 13, 21 என்று முந்தைய இரண்டைக் கூட்டிக்கொண்டே போகும் வரிசையில், அடுத்தடுத்த எண்களை வகுத்தால் அதே 1.618-ஐ நெருங்கும். ஃபிபோனாச்சி 1202-இல் முயல் கணக்கில் இதைச் சொன்னார். அதற்கு முன்பே நம் நாட்டில் விரகாங்கரும் ஹேமசந்திரரும் குறில் நெடில் எண்ணும் யாப்புக் கணக்கில் இதே வரிசைக்கு வந்திருந்தார்கள். தள்ளுவண்டியில் இருக்கும் அன்னாசியை எடுத்து அதன் கண்கள் சாய்வாக ஓடும் வரிசைகளை எண்ணுங்கள். ஒரு பக்கம் 8, மறுபக்கம் 13 என்று வருவது வழக்கம். செடிகள் இதைச் செய்வதற்குக் காரணம் இருக்கிறது. எந்தச் சுலபமான பின்னத்துக்கும் பிடிகொடுக்காத எண் இது. ஒவ்வொரு புது முளையும் இந்த விகிதத்தில் திரும்பி வைக்கப்பட்டால் ஒன்றின்மேல் ஒன்று வந்து விழாது, இடம் வீணாகாது.

கதை கட்டுவது அதற்குப் பிறகு தொடங்கியது. 1509-இல் லூகா பாச்சோலி இதைத் தெய்வீக விகிதம் என்றார். அவர் நூலுக்குப் படம் வரைந்தவர் லியனார்டோ. இந்த விகிதத்துக்குத் 'தங்க' அடைமொழி அச்சில் ஏறியது 1835-இல், ஜெர்மனியில், மார்ட்டின் ஓம் என்ற கணித ஆசிரியரின் பாடநூலில். தங்கம் ஒட்டிய பிறகு எல்லோருக்கும் எல்லா இடத்திலும் தெரிய ஆரம்பித்தது: பார்த்தினான் கோயிலில், மோனாலிசா முகத்தில், நாட்டிலஸ் சிப்பியில். ஜார்ஜ் மார்கோவ்ஸ்கி என்ற கணித அறிஞர் 1992-இல் இவற்றில் பலவற்றை எடுத்து உதறிப் பார்த்தார். பெரும்பாலும் தூசிதான் விழுந்தது. நாட்டிலஸ் சிப்பி ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு பெரிதாகிறது. தங்கச் சுருள் ஒரு சுற்றுக்கு 6.85 மடங்கு பெரிதாகும். இரண்டையும் ஒன்று என்று சொல்ல நல்ல மனசு வேண்டும்.

பரிசோதனை செய்து பார்த்தவர் ஒருவரும் உண்டு. குஸ்தாவ் ஃபெக்னர் என்ற ஜெர்மானியர் பத்துச் செவ்வகங்களை மேசையில் பரப்பி 347 பேரை அழகானதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். 1876-இல் வெளியிட்ட முடிவில் 35 சதவீதம் பேர் தங்கச் செவ்வகத்தை எடுத்திருந்தார்கள். ஆனால் அதற்கு இரண்டு பக்கத்திலும் இருந்த செவ்வகங்களை, அதாவது 1.5-ஐயும் 1.77-ஐயும், ஐந்தில் ஒருவர் வீதம் எடுத்திருந்தார்கள். சதுரமும் வேண்டாம், நெடுஞ்சட்டமும் வேண்டாம், இரண்டுக்கும் நடுவே ஏதோ ஒன்று என்றுதான் இந்த முடிவு எனக்குக் கேட்கிறது. பின்னால் வந்தவர்கள் திரும்பச் செய்தபோது சிலருக்கு வந்தது, சிலருக்கு வரவில்லை. எப்படியும் அது மேசைமேல் வைத்த அட்டை. அட்டைக்குள் யாரும் குடியிருக்க முடியாது.

*

ராயபுரத்தில் ஒரு பத்தடி அகல அறையைத் தங்க விகிதத்தில் கட்டுவதானால் நீளம் 16 அடி 2 அங்குலம் வர வேண்டும். அந்த 2 அங்குலத்தைக் காப்பாற்றுவது யார்? இரண்டு பக்கச் சுவர்ப் பூச்சில் ஓர் அங்குலம் போய்விடும். டைல்ஸும் ஸ்கர்ட்டிங்கும் இன்னும் கொஞ்சம் தின்னும். போதாததற்கு, அறைக்குள் நிற்கும் கண் ஒருபோதும் செவ்வகத்தைப் பார்ப்பதில்லை. எதிர்ச் சுவர் தூரத்தால் சிறுத்து, பக்கச் சுவர்கள் சரிந்து, தரை சரிவகமாகவே தெரியும். வரைபடத்தை மேலிருந்து பார்க்கிற காக்கைக்கு மட்டுமே விகிதம் தெரியும், அதுவும் கூரை இல்லாதபோது.

மேஸ்திரியிடம் கேட்டால் அவர் வேறொரு கணக்கு வைத்திருப்பார். "பத்துக்குப் பதினாறு போட்டுருவோம் சார், மனையடிக்கு நல்லா வருது." மனையடி சாஸ்திரத்தில் 10, 11, 16, 17, 20, 21 எல்லாம் ஆகிவந்த அடிகள். பதினாறைப் பத்தால் வகுத்தால் 1.6. உடனே, பார்த்தீர்களா நம் முன்னோர்க்குத் தங்க விகிதம் தெரிந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி கிளம்பத் தயாராக இருக்கும். அதே பட்டியல்படி பத்துக்குப் பதினொன்றும் நல்லது, விகிதம் 1.1. பத்துக்கு இருபத்தொன்றும் நல்லது, விகிதம் 2.1. மனையடி ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகப் பார்த்து ஆகும், ஆகாது சொல்கிறது. பக்கங்களின் உறவைப் பார்ப்பதில்லை. தங்க விகிதம் உறவை மட்டும் பார்க்கிறது; தீப்பெட்டியா மண்டபமா என்று கேட்பதில்லை. அறைக்குள் இருக்கும் ஆளை இரண்டுமே பார்ப்பதில்லை.

சரி, பழைய ராயபுரம் வீடுகளின் அறை அகலத்தை நிஜமாக முடிவு செய்தது எது? தேக்கு உத்திரம். மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் பெற்ற கூரையில், சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரங்களை நெருக்கமாக வைத்து, அதன்மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் குத்துவாட்டில் மூலைவாக்காகப் பதித்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி இடிப்பார்கள். உத்திரம் எத்தனை தூரம் தாங்கும் என்பதில்தான் சூட்சுமம். அதே கனமுள்ள மரம், அடிக்கு அதே பாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீளத்தை இரட்டித்தால் நடுவில் தொய்வது இரண்டு மடங்கல்ல, 16 மடங்கு. 1638-இல் கலீலியோ எலும்புகளை வைத்துச் சொன்னதும் இதே குடும்பத்து உண்மைதான்: பெரிய விலங்கின் எலும்பு, சின்ன விலங்கின் எலும்பை அப்படியே உருப்பெருக்கியதாக இருக்க முடியாது, அதைவிடத் தடிமனாக வேண்டும். அதனால் அகலத்தைப் பத்துப் பன்னிரண்டு அடியில் நிறுத்துவது சிக்கனம். நீளத்துக்கு அந்தத் தடை இல்லை. கூட ஓர் உத்திரம் வைத்தால் கூட ஓர் அடி. மரம் போய்க் கான்கிரீட் வந்த பிறகும் பத்தடிப் பழக்கம் போகவில்லை.

இன்றைய பொருள்கள் வேறு விதமாக அதிகாரம் செய்கின்றன. ப்ளைவுட் 8-க்கு 4. டைல்ஸ் 2-க்கு 2. செங்கல் ஏறக்குறைய 9-க்கு நாலரை. எல்லாம் ஒன்றுக்கு ஒன்று, அல்லது ஒன்றுக்கு இரண்டு. 1.618 விகிதத்தில் அலமாரிக் கதவு கேட்டால் ஆசாரி செய்து தருவார். வெட்டி மிஞ்சிய துண்டுக்கும் சேர்த்துப் பணம் தரப்போவது நீங்கள்.

*

விகிதமே வெட்டிப்பேச்சு என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டாலும் விகிதம் தெரிகிற ஓர் இடம் உண்டு: காது.

பத்தடிக்குப் பத்தடி, உயரமும் பத்தடி. கனசதுரமான அறை. உள்ளே ஒரு ஸ்பீக்கரை வைத்துக் கானா பாட்டுப் போடுங்கள். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலியலை மோதித் திரும்பும்போது, அறையின் நீளம் அரை அலைநீளமாகப் பொருந்தும் சுருதியும் அதன் மடங்குகளும் வீங்கும். பத்தடிக்கு அந்த முதல் சுருதி நொடிக்கு 56 அதிர்வுகள். அறை கனசதுரமானால் நீளம், அகலம், உயரம் மூன்றும் அதே 56-ஐப் பிடித்து உலுக்கும். அந்த ஒரு சுருதியில் மட்டும் அறை குடம்போல் முழங்கும். மற்ற அடித்தொனிகள் மெலியும். பத்துக்கு இருபது என்றாலும் முழுதாகத் தப்ப முடியாது. இருபதடியின் இரண்டாவது அதிர்வு மறுபடி 56-லேயே வந்து உட்காரும். பக்கங்கள் ஒன்றுக்கொன்று சுலபமாக வகுபடாமல் இருந்தால் வீக்கம் பரவிச் சமனாகும். 1971-இல் லௌடன் என்பவர் நூற்றுக்கு மேற்பட்ட விகிதங்களைக் கணக்கிட்டுப் பார்த்து 1 : 1.4 : 1.9 நல்லது என்றார். ஒலிப்பதிவுக் கூடம் கட்டுபவர்கள் இன்றும் அதைப் பார்க்கிறார்கள். அன்னாசி செய்த வேலையும் இதுவும் ஒரே தத்துவம்: ஒன்றின்மேல் ஒன்று விழாமல் விலகுவது. அழகுக்காக அல்ல, நெரிசலைத் தவிர்ப்பதற்காக.

பத்துக்குப் பத்து அறையை இடித்துக் கட்ட முடியாதவர்கள் ஒரு சுவரோரம் துணி நிறைந்த திறந்த அலமாரியும், மூலையில் சுருட்டிய மெத்தையும் வைக்கலாம். எதிரொலிக் கூச்சல் நிச்சயம் குறையும். அடித்தொனி முழக்கமும் கொஞ்சம் தணியும்.

*

விகிதத்தையும் உடம்பையும் ஒன்றாக முடிச்சுப் போட்டவர் லெ கொர்புஸியே. சண்டிகரை வடிவமைத்தவர். மாடுலர் என்ற அவரது அளவுகோலில் ஒரு மனிதன் நிற்கிறான்: உயரம் 1.83 மீட்டர், தொப்புள் உயரம் 1.13, கையைத் தூக்கினால் 2.26. 1.83-ஐ 1.13-ஆல் வகுத்தால் தங்க விகிதம். அங்கிருந்து மேலும் கீழும் அதே விகிதத்தில் ஏறி இறங்கி நாற்காலி, மேசை, கூரை எல்லாவற்றுக்கும் அளவு சொன்னார். முதலில் அந்த மனிதனின் உயரம் 1.75. பிறகு, ஆங்கிலத் துப்பறியும் கதைகளில் வரும் வாட்டசாட்டமான போலீஸ்காரர் ஆறடி இருப்பாரே என்று 1.83 ஆக்கினார்கள். உலகத்துக்கே பொதுவான அளவுகோலின் அடியில் நிற்பவர் ஒரு கற்பனைப் போலீஸ்காரர்.

அவரைத் திருவொற்றியூர்ச் சமையலறைக்குள் கொண்டுவர வேண்டாம். அங்கே நிற்பவர் பெரும்பாலும் ஐந்தடிப் பெண்; இந்தியப் பெண்களின் சராசரி உயரம் 152 சென்டிமீட்டரை ஒட்டித்தான். நின்றால் முழங்கை உயரம் உடலுயரத்தில் ஏறக்குறைய 0.63 பங்கு, அதாவது 96 சென்டிமீட்டர். (தங்க விகிதத்தின் தலைகீழ் 0.618 என்று யாராவது துள்ளுவதற்கு முன்: இது அருகாமை, அவ்வளவே.) காய் நறுக்கவும் மாவு பிசையவும் மேடை முழங்கைக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். அப்படியானால் மேடை 32 முதல் 34 அங்குலம். மூன்றடி மேடை என்று பட்டியலைப் பார்த்துக் கட்டிவிட்டால், அதன்மேல் நாலைந்து அங்குல அடுப்பு, அடுப்பின்மேல் குக்கர். மூடியைத் திறக்கிற கை தோளுயரத்துக்கு ஏறிவிடும்; ஆவி நேரே முகத்துக்கு வரும். அடுப்பு வைக்கும் இடத்தை மட்டும் நாலு அங்குலம் தாழ்த்தச் சொன்னால் மேஸ்திரி விநோதமாகப் பார்ப்பார். பார்க்கட்டும். பாத்திரம் கழுவும் தொட்டியோ நேர்மாறு. கை தொட்டியின் அடிமட்டத்தில் வேலை செய்வதால் அதை உயர்த்த வேண்டும். ஏழடியில் கட்டும் லாஃப்ட் ஐந்தடிப் பெண்ணின் கை எட்டும் எல்லையைவிடக் கிட்டத்தட்ட ஓர் அடி மேலே. அதற்கு ஸ்டூல் உண்டு, ஸ்டூலிலிருந்து விழுவதும் உண்டு.

வீட்டைச் சுருக்கினாலும் சுருங்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும் அளவுகள் இவை. அரண்மனை நாற்காலியும் குடிசை நாற்காலியும் தரையிலிருந்து 16 முதல் 18 அங்குலத்தில்தான் உட்கார இடம் தரும். படிக்கட்டில் ஒவ்வொரு படியின் உயரமும் வீட்டுக்கு 19 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது விதி. வீட்டோடு முழங்கால் சுருங்காது. சுருங்கக் கூடியவை வேறு: தூண், கார்னிஸ், சரவிளக்கு. இவற்றைத்தான் நாம் சுருக்க மறுக்கிறோம். ராயபுரம் ரயில் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பிய இடம். இந்தியாவில் இன்னும் நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது. அதன் நெடிய தூண்கள் கூட்டத்துக்காகவும் ரயில் கம்பெனியின் மிடுக்குக்காகவும் எழுந்தவை. அந்த மிடுக்கைப் பக்கத்துச் சந்தில் பத்தடி உயர அறைக்குள் பிஓபி கார்னிஸாக இறக்கினால், கூரை ஒரு முழம் தாழ்ந்து தலைமேல் உட்காரும். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று நம் பாட்டிமார் சொன்னது உள்ளலங்காரத்துக்கும் சேர்த்துத்தான்.

கடையில் பார்த்த சோபா வீட்டுக்கு வந்ததும் வீங்கிவிடுவதும் இதனால்தான். கண் ஒரு பொருளின் அளவைத் தனியாக எடுப்பதில்லை. சுற்றி இருப்பவற்றோடு ஒப்பிட்டே எடுக்கிறது. கடையில் 14 அடிக் கூரையும், கண்ணுக்கெட்டிய தூரம் வெற்றுத் தரையும் இருந்தன. ஏழடிக்கு மூன்றடி சோபா அங்கே அடக்கமாக இருந்தது. பணம் கட்டுவதற்கு முன் பழைய செய்தித்தாள்களை அதே அளவுக்கு ஒட்டி வீட்டுத் தரையில் விரித்து, இரண்டு நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். தாள் கிழிந்தால் சோபா இடிக்கப்போகிறது என்று பொருள்.

சோபாவே வேண்டாம் என்பவர்களுக்கு வட சென்னையில் ஒரு பழைய அளவை இருக்கிறது: இந்த அறையில் எத்தனை பாய் விரிக்கலாம்? ஜப்பானியர்கள் அறையைத் தத்தாமிக் கணக்கில் சொல்வதும் இதுவேதான். ஆறு பாய் அறை, எட்டுப் பாய் அறை. அவர்கள் பாயும் நம் கோரைப்பாயும் ஏறக்குறைய 3 அடிக்கு 6 அடி. போட்டுப் பார்ப்போம். தங்க விகித அறை, 10 அடிக்கு 16 அடி 2 அங்குலம், கிட்டத்தட்ட 162 சதுர அடி. எப்படித் திருப்பிப் போட்டாலும் முழுதாக விரிவது ஏழு பாய்தான். கொர்புஸியே 1952-இல் பிரான்சின் தெற்குக் கடலோரத்தில் தனக்கென்று ஒரு மரக்குடில் கட்டிக்கொண்டார். தங்க விகிதத்தின் தூதர் தான் தங்க எடுத்துக்கொண்ட அறை 3.66 மீட்டருக்கு 3.66 மீட்டர், 12-க்கு 12 அடி, சுத்தமான சதுரம், 144 சதுர அடி. அதில் எட்டுப் பாய், ஓர் அங்குலம் மிச்சமில்லாமல். உயரம் மட்டும் கையைத் தூக்கிய போலீஸ்காரரின் 2.26 மீட்டர், நம் ஊரில் அங்கே ஃபேன் மாட்டினால் சட்டை போடும்போது விரல் போய்விடும்.

ராயபுரத்துச் சந்தின் 10-க்கு 12 அறையில் ஆறு பாய். தங்க அறையைவிட 42 சதுர அடி குறைவு, ஒரே ஒரு பாய்தான் குறைவு. ஆறையும் விரித்த பிறகு சுவரோரமாக ஓர் அடி அகலத்துக்கு ஒரு பட்டை மிஞ்சும். செருப்பு, தண்ணீர்க் குடம், காலையில் முதலில் எழுந்து மீன் ஏலத்துக்குப் போகிறவர் யாரையும் மிதிக்காமல் வாசலுக்குப் போக வழி.